அப்பாவின் பழைய நங்கூரம்: தண்டில் ஓட்டை இருக்கிறது, இது உடைந்ததா?

ஆன்டாப்ஹில்_செல்வி

எல்லோருக்கும் வணக்கம். கப்பல் வேலை, துறைமுக வேலை தெரிந்த மும்பைத் தமிழர்கள் இங்கே நிறைய பேர் இருப்பதால்தான் கேட்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து 1974இல் மும்பைக்கு வந்தவர். டாக்கில் பார்ஜ் வேலை. கடலில் நிற்கும் கப்பலிலிருந்து சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவருவார்களே, அந்தத் தட்டையான இரும்புப் படகில் 22 வருடம். அவர் வேலை செய்த பார்ஜை உடைக்கக் கொடுத்தபோது அதிலிருந்த ஒரு நங்கூரத்தை எடைக்குக் காசு கொடுத்து வாங்கி, கைவண்டியில் வைத்துத் தாராவி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா அன்று சண்டை போட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அந்த மாதம் ரேஷனுக்கு வைத்திருந்த பணம் அது. பிறகு அது வாசலிலேயே கிடந்தது, நாங்கள் அதன் மேல் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினோம். 2011இல் ஆன்டாப்ஹில் பில்டிங்குக்கு வந்தபோதும் விடாமல் தூக்கிக்கொண்டு வந்தார். இப்போது கீழே மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது.

அப்பா போன ஐப்பசியில் தவறிவிட்டார். தம்பி அதைப் பங்காரில், அதான் பழைய இரும்புக் கடையில், போட்டுவிடலாம் என்கிறான். எனக்கு மனசு வரவில்லை. சொசைட்டி செக்ரட்டரியிடம் கேட்டேன், கேட் பக்கத்தில் இருக்கும் சின்னத் தோட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று உடனே சொல்லிவிட்டார், மராத்திக்காரர், நல்ல மனுஷன்.

இப்போது என் சந்தேகங்கள். நங்கூரம் என் இடுப்புக்கு மேல் கொஞ்சம் உயரம். அடியில் வில் மாதிரி வளைந்த இரண்டு கை, ஒவ்வொரு கையின் நுனியிலும் வெற்றிலை மாதிரி ஒரு தகடு. உச்சியில் வளையம். வளையத்துக்குக் கீழே தண்டில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு வட்ட ஓட்டை, என் இரண்டு விரல் சேர்த்து உள்ளே போகும். அதில் ஒன்றுமே இல்லை. தம்பி, ஏதோ உடைந்து விழுந்திருக்கிறது, அதனால்தான் அப்பாவுக்கு மலிவாகக் கொடுத்தான் என்கிறான். உண்மையா? எடை போட்டுப் பார்த்தோம், 38 கிலோ. இந்த 38 கிலோ எப்படி அவ்வளவு பெரிய பார்ஜைப் பிடித்து நிறுத்தியது? அப்புறம், பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தர், நங்கூரம் கிறிஸ்தவர்கள் அடையாளம், உங்கள் வீட்டு வாசலில் எதற்கு என்கிறார். இன்னொருவர், கயிறு சுற்றி வைத்தால் அழகு, ஆனால் அது ஆகாது என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திரேஸ்புரம்_போசன்

செல்வி தங்கச்சி, அப்பாவுக்கு என் வணக்கம். 31 வருடம் கப்பலில் இருந்தேன், கடைசி 14 வருடம் போசன், அதாவது மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவர், இப்போது நெரூலில் வீட்டோடு இருக்கிறேன். நங்கூரம் போடுவதும் எடுப்பதும் போசன் வேலை, அதனால் முதலில் நான் சொல்லிவிடுகிறேன்.

உடைந்ததில்லை. தம்பியிடம் சொல்லுங்கள். அந்த ஓட்டை செய்யும்போதே வைத்த ஓட்டை. அதில் ஒரு இரும்புக் கம்பி குறுக்கே போகும், அதை ஸ்டாக் என்போம், குறுக்குத்தண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது பழைய அட்மிரால்டி மாதிரி நங்கூரம், பள்ளிப் புத்தகத்திலும் சட்டை பட்டனிலும் படமாக இருப்பது இதுதான். குறுக்குத்தண்டு கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கும், ஏனென்றால் அது நீட்டிக்கொண்டிருந்தால் படகில் எங்கேயும் ஒழுங்காகப் படுக்க வைக்க முடியாது. அதற்காக அந்தக் கம்பியின் ஒரு முனை எல் எழுத்து மாதிரி மடங்கி இருக்கும். கழற்றினால் தண்டோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

அது ஏன் வேண்டும் என்று பாருங்கள். உங்கள் நங்கூரத்தைத் தரையில் போடுங்கள், இரண்டு கையும் தட்டையாகப் படுத்துக்கொள்ளும், இல்லையா? கடலடியிலும் அப்படித்தான் படுக்கும். இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும், பிடிக்காது. குறுக்குத்தண்டு கைகளுக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது கை கிழக்கு மேற்கு என்றால் இது தெற்கு வடக்காக, கைகளின் அகலத்தைவிட நீளமாக இருக்கும். கயிறு இழுக்கும்போது அந்த நீளக்கம்பி தரையில் படுக்கத்தான் பார்க்கும், அது படுத்தால் கைகளில் ஒன்று தானாகக் கீழ்நோக்கித் திரும்பிச் சேற்றில் இறங்கும். அதனால் குறுக்குத்தண்டு இல்லாத இந்த நங்கூரம் வேலைக்கு ஆகாது. கம்பி எங்கே என்று தேடுங்கள்.

அடுத்தது எடை. எல்லோரும் கேட்கும் கேள்வி இது, கப்பலில் சேரும் புதுப் பையன்களும் நங்கூரத்தின் கனம்தான் கப்பலை நிறுத்துகிறது என்றுதான் நினைத்துக்கொண்டு வருவார்கள். கனம் கொஞ்சம்தான். நல்ல சேற்றில் சாதாரணக் கப்பல் நங்கூரம் தன் எடையைப்போல் மூன்று நான்கு மடங்கு இழுவையைத் தாங்கும், அந்தத் தாங்குசக்தி மண்ணுக்குள் பாய்ந்து மாட்டிக்கொள்வதால் வருவது. அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: இழுவை தரையோடு தரையாகப் படுக்கையாக வரவேண்டும். மேல்நோக்கி இழுத்தால் நட்ட பயிரைப் பிடுங்குவது மாதிரி பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இங்கேதான் சங்கிலி வருகிறது. நீளமாகச் சங்கிலியை விட்டால் பாதிச் சங்கிலி கடலடியில் படுத்துக் கிடக்கும், காற்று அடித்துக் கப்பல் பின்னால் போனாலும் முதலில் படுத்திருக்கும் சங்கிலிதான் கண்ணி கண்ணியாக எழும்பும், நங்கூரத்துக்கு இழுவை படுக்கையாகவே போய்ச் சேரும்.

சங்கிலியை நாங்கள் ஷேக்கிள் கணக்கில் சொல்வோம், ஒரு ஷேக்கிள் 27.5 மீட்டர். எவ்வளவு விடுவது என்பதற்குக் கப்பலில் ஒரு வாய்ப்பாடு உண்டு, ஆழத்தின் வர்க்கமூலத்தை ஒன்றரையால் பெருக்கு என்று. 16 மீட்டர் ஆழம் என்றால் நாலு இன்ட்டு ஒன்றரை, 6 ஷேக்கிள். கிட்டத்தட்ட 165 மீட்டர் இரும்பு. 16 மீட்டர் ஆழத்துக்கு 165 மீட்டர்! காற்று மழை என்றால் அதற்கும் மேல். மும்பைத் துறைமுகத்தில் அடி சேறுதான், நன்றாகப் பிடிக்கும், ஆனால் எடுக்கும்போது பாருங்கள், ஒவ்வொரு கண்ணியிலும் சாம்பல் நிறச் சேறு அப்பிக்கொண்டு வரும், ஹோஸ் பிடித்துக் கழுவிக் கழுவிக் கை மரத்துப்போகும்.

நங்கூரம் பிடித்திருக்கிறதா, உழுதுகொண்டு போகிறதா என்று இப்போது ஜிபிஎஸ் சொல்லிவிடும். நான் சேர்ந்த காலத்தில் பழைய போசன் என் கையைப் பிடித்துச் சங்கிலி மேல் வைத்தார். பிடித்திருந்தால் சங்கிலி இறுகும், தளரும், மறுபடி இறுகும், அமைதியாக இருக்கும். இழுபட்டுக்கொண்டு போனால் உள்ளே கடகடவென்று ஒரு அதிர்வு வரும், கல் பாவிய தெருவில் மாட்டு வண்டி போகிற மாதிரி. ஒரு தடவை அதைக் கையில் உணர்ந்தவன் மறக்கமாட்டான்.

இன்னொன்று. 38 கிலோ என்றால் அது பார்ஜின் பெரிய நங்கூரமாக இருக்காது என்று நினைக்கிறேன். அது கெட்ஜ் என்கிற சின்ன நங்கூரம். அதை நிறுத்துவதற்கு வைத்திருக்கமாட்டார்கள், நகர்த்துவதற்கு வைத்திருப்பார்கள். சின்னப் படகில் நங்கூரத்தை ஏற்றிக்கொண்டு முன்னால் போய்ப் போட்டுவிட்டு வருவார்கள், பிறகு பார்ஜிலிருந்து அந்தக் கயிற்றைச் சுற்றிச் சுற்றி இழுத்தால் பார்ஜ் நங்கூரத்தை நோக்கி நகரும். தரை தட்டினாலும் அப்படித்தான் இழுத்து மீட்பார்கள். அப்பா எப்போதாவது இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறாரா?

ஆன்டாப்ஹில்_செல்வி

அண்ணா, படித்துவிட்டு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அப்பா சொல்வார்! "நங்கூரத்தை முன்னாடி கொண்டுபோய்ப் போட்டு, அதைப் பிடிச்சு இழுத்துத்தான் பார்ஜே நகரும்" என்று சொல்வார், நாங்கள் சின்னப் பிள்ளைகள், நங்கூரம் போட்டால் நிற்கத்தானே செய்யும், அப்பா நம்மை ஏமாற்றுகிறார் என்று சிரிப்போம். அவரும் மேற்கொண்டு விளக்கமாட்டார். இத்தனை வருடம் அதை ஒரு விளையாட்டுப் பேச்சு என்றே நினைத்திருந்தேன். ரொம்ப நன்றி அண்ணா. கம்பி பற்றி அம்மாவிடம் கேட்டிருக்கிறேன், யோசிக்கிறார்.

தாருகானா_கடைப்பையன்

அக்கா, நான் ரே ரோடு தாருகானாவில் கப்பல் பழைய சாமான் கடையில் வேலை செய்கிறேன், ஊர் திருநெல்வேலிப் பக்கம். தயவுசெய்து பங்காரில் போடாதீர்கள். சாதாரணப் பங்கார்காரன் இரும்பு எடைக்குத்தான் எடுப்பான், நேராக உருக்கப் போய்விடும். குறுக்குத்தண்டோடு முழுசாக இருக்கும் இந்த மாதிரி சின்ன நங்கூரத்தை ஓட்டல்காரர்களும் ரிசார்ட்காரர்களும் தேடி வந்து வாங்குகிறார்கள், எடைக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. விற்கச் சொல்லவில்லை, தம்பிக்குச் சொல்வதற்காகச் சொல்கிறேன்.

எங்களிடம் வருவதில் பெரும்பாலும் குறுக்குத்தண்டு இல்லாத வகைதான், இப்போது பெரிய கப்பல் எல்லாவற்றிலும் அதுதான். அந்த யோசனைக்கு இங்கிலாந்தில் 1821லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அதில் இரண்டு கையும் ஒன்றாகச் சேர்ந்து கீல் மாதிரி திரும்பும், எப்படி விழுந்தாலும் இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்து மண்ணில் இறங்கும். தண்டு அப்படியே குழாய்க்குள் ஏறிக்கொள்ளும், கப்பல் மூக்கின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு தெரிவது அதுதான். ஒரே எடைக்கு உங்கள் அப்பாவின் வகைதான் பாறையிலும் களையிலும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் 10 டன் நங்கூரத்துக்கு யார் குறுக்குத்தண்டு மாட்டிக் கழற்றிக்கொண்டிருப்பது?

நான் பார்த்ததில் பெரியது ஒரு கண்ணியை இரண்டு பேர் சேர்ந்தும் புரட்ட முடியாத சங்கிலி. ஆனால் உலகத்திலேயே நீளமான கப்பல் என்று பேர் வாங்கிய 458 மீட்டர் சீவைஸ் ஜெயன்ட்டை நம் பக்கத்து குஜராத் அலங்கில்தான் 2010இல் உடைத்தார்கள், அதன் ஒரு நங்கூரம் மட்டும் 36 டன். அதை உருக்காமல் ஹாங்காங் கடல்சார் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய கப்பலில் கடைசியில் மிச்சம் வைத்தது நங்கூரத்தைத்தான், பாருங்கள்.

சுத்தம் செய்யும் விதம்: ஆசிட் ஊற்றாதீர்கள், சில பேர் ஊற்றுவார்கள், ஓரங்களில் உள்ளே தங்கி அரித்துக்கொண்டே இருக்கும். கம்பி பிரஷ் போட்டு உதிரும் துருவை மட்டும் எடுங்கள், நல்ல தண்ணீரில் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, ரெட் ஆக்சைடு இரண்டு கோட், மேலே கறுப்பு எனாமல். மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். மண்ணில் நேராக நடவேண்டாம், சிமென்ட் மேடை போட்டு அதன் மேல் வையுங்கள்.

முலுண்ட்_வேலன்

நங்கூரம் என்ற நம் தமிழ்ச் சொல்லிலிருந்துதான் ஆங்கிலத்தில் ஆங்கர் வந்தது, உச்சரித்துப் பார்த்தாலே தெரியும். நங்கூரத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைத்து இதை எழுதிவிடுங்கள் அக்கா.

மாட்டுங்கா_வாசகன்

வேலன், அதைப் பலகையில் எழுதவேண்டாம். ஆங்கர் லத்தீன் வழியாகக் கிரேக்கத்திலிருந்து வந்தது, அங்கே ஆங்குரா, வளைந்தது கொக்கி என்ற பொருள் தரும் வேரிலிருந்து பிறந்த சொல். ஒலி ஒத்துப்போகிறது என்பதை மட்டும் வைத்து உறவு சொன்னால் நாளைக்கு வேறு யாராவது நம் சொல்லையும் தங்கள் சொல் என்பார்கள். நங்கூரத்துக்குச் சொந்தங்கள் வேறு பக்கம் இருக்கிறார்கள். மலையாளத்தில் நங்கூரம், தெலுங்கிலும் கன்னடத்திலும் லங்கரு, இந்தியிலும் பாரசீகத்திலும் லங்கர். அரபிக்கடலில் போய் வந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சொல்லைத்தான் கையாண்டிருக்கிறார்கள்.

செல்வி, உங்கள் செக்ரட்டரி மராத்திக்காரர் என்றீர்கள், அவரிடம் கேட்டுப் பாருங்கள். மராத்தியில் நங்கூரத்துக்கு நாங்கர் என்பார்கள், வயலில் உழும் ஏருக்கும் அதே நாங்கர்தான். மேலே போசன் அண்ணா, பிடிக்காத நங்கூரம் உழுதுகொண்டு போகும் என்று எழுதியிருக்கிறாரே, அதைப் படித்தவுடன் இதுதான் நினைவுக்கு வந்தது. 1933இல் இங்கிலாந்தில் ஜெஃப்ரி டெய்லர் என்ற பெரிய இயற்பியல் அறிஞர் சின்னப் படகுகளுக்காக ஒரு நங்கூரம் வடிவமைத்தார், அதன் வடிவமே கலப்பைக் கொழுதான்.

நம் பக்கம் பழைய காலத்தில் என்ன இருந்தது என்றால், கல். மதுரைக்காஞ்சியில் புயலில் மாட்டிக்கொண்ட நாவாய் ஒன்று வருகிறது, கயிறு அறுந்து, பாய் கிழிந்து, பாய்மரம் முறிந்து, கல்லோடு மோதிச் சுழலில் தவிக்கும். அந்தக் 'கல்' என்ன என்பதற்கு நச்சினார்க்கினியர் நங்கூரக்கல் என்றுதான் உரை எழுதுகிறார். கல் நங்கூரத்தை நேரில் பார்க்கவேண்டும் என்றால் துவாரகைக் கடலடியில் கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தார் நூற்றுக்கும் மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள். சிலது முக்கோணக் கல், மூன்று ஓட்டை. மேல் ஓட்டையில் கயிறு, கீழே இரண்டு ஓட்டையிலும் கூராகச் சீவிய மரக்கட்டையைச் செருகிவிடுவார்கள், அது மண்ணில் குத்திக்கொள்ளும். கல்லின் கனம் பாதி, கட்டையின் குத்து பாதி. ஆகவே செல்வி, ஓட்டை போட்ட நங்கூரம் என்பது ரொம்பப் பழைய பரம்பரை. எனக்கு இந்த ஓட்டைகளைப் பற்றி நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது, அதில் செருகிய மரம் மக்கிப்போய்விட்டது, கயிறு போய்விட்டது, ஓட்டை மட்டும் இங்கே என்ன இருந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

கோலிவாடா_டீச்சர்

செல்விம்மா, சயான் கோலிவாடாவில் 26 வருடமாக இருக்கிறேன், நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம், அதனால் அந்தப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னதற்கு நானே பதில் சொல்கிறேன்.

எங்களுக்கு நங்கூரம் நம்பிக்கையின் அடையாளம், உண்மைதான். எபிரேயர் நிருபம் ஆறாம் அதிகாரத்தில் நம்பிக்கையை ஆத்தும நங்கூரம் என்று சொல்லியிருக்கிறது. ரோமாபுரியில் ஆதிக் கிறிஸ்தவர்களைப் புதைத்த நிலத்தடிக் கல்லறைகளில், பிரிஸில்லா கல்லறை போன்றவற்றில், நங்கூரத்தைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உங்கள் அப்பாவின் நங்கூரத்தில் குறுக்குத்தண்டை மாட்டினால் மேல்பாதியைப் பாருங்கள், சிலுவை தெரியும். ஆனால் அதற்கு முன்னாலேயே, கிறிஸ்து பிறப்பதற்கு 300 வருடம் முன்பே, அலெக்சாண்டரின் தளபதி செலூக்கஸ் தன் நாணயத்தில் நங்கூரம் பொறித்துவிட்டார். நம் கடற்படைக்கு 2022 செப்டம்பர் 2ஆம் தேதி கொச்சியில் புதுக் கொடி கொடுத்தார்களே, அதில் எண்கோணத்துக்குள், அது சிவாஜி மகாராஜாவின் முத்திரையைப் பார்த்து வைத்த வடிவம், நங்கூரத்தின் மேல்தான் நம் சிங்க முத்திரை நிற்கிறது. கீழே வருணன் நமக்கு நன்மை செய்யட்டும் என்று பொருள்படும் வேத வாக்கு. ஒரே பட்டைக்குள் வருணனும் நங்கூரமும் இருக்கும்போது உங்கள் வாசலில் இருப்பதில் யாருக்கு என்ன குறை? கடலில் 22 வருடம் உழைத்தவரின் வீட்டுக்கு முன்னால் நங்கூரம் இருக்காமல் வேறு எங்கே இருக்கும்?

கயிறு சுற்றிய நங்கூரம் பற்றி. அது பழைய பிரிட்டிஷ் கடற்படையின் சின்னம், 16ஆம் நூற்றாண்டிலிருந்து வருகிறது, கௌரவச் சின்னமாகத்தான் வைத்திருக்கிறார்கள், அபசகுனம் ஒன்றுமில்லை. ஆனால் கடலில் அதற்கு வேறு அர்த்தம் என்று எங்கள் மாமா சொல்வார், போசன் அண்ணா விளக்கட்டும்.

திரேஸ்புரம்_போசன்

டீச்சர் சரியாகச் சொன்னார்கள். நங்கூரத்தின் ஒரு கை மண்ணில் இருக்கும்போது இன்னொரு கை மேலே நீட்டிக்கொண்டிருக்கும், இந்தப் பழைய வகையில் அது ஒரு குறை. நீரோட்டம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பும்போது கப்பலும் சுற்றும், சங்கிலி போய் அந்த மேல்கையில் மாட்டிக்கொள்ளும். அதைத்தான் ஃபவுல் ஆங்கர் என்போம். அடுத்த இழுப்பில் நங்கூரம் தலைகீழாகப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அந்தப் படத்தை ஏன் கடற்படைக்காரர்கள் சின்னமாக வைத்தார்கள் என்று எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான், நான் வைத்தால் கயிறு சுற்றமாட்டேன். வேண்டுமென்றால் வளையத்தில் ஒரு முழம் நல்ல மணிலாக் கயிறைக் கட்டித் தொங்கவிடுங்கள், கையில் மட்டும் படவேண்டாம்.

டீச்சர் நம்பிக்கை என்றதும் இதையும் எழுதிவிடவேண்டும் என்று தோன்றுகிறது. நங்கூரம் போட்டாச்சு, இனி கவலை இல்லை என்று கரையில் இருப்பவர்கள் பேசுவார்கள். கப்பலில் யாரும் அப்படி நினைக்கமாட்டோம். கப்பல் நங்கூரத்தை எவ்வளவு பெரியதாக வைக்கவேண்டும் என்ற விதியே, ஒதுக்கமான இடத்தில் தற்காலிகமாக நிற்பதற்கு என்றுதான் போட்டிருக்கிறார்கள், கணக்கு வைத்த காற்று நொடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர். திறந்த கடலில் புயலில் தாங்குவதற்காகச் செய்ததே இல்லை. அதனால்தான் புயல் எச்சரிக்கை வந்தால் கப்பல்காரன் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு ஆழக்கடலுக்கு ஓடுகிறான். 2021 மே 17, தவுக்தே புயல், நம் மும்பைக்கு வெளியே பாம்பே ஹை எண்ணெய் வயலில் பி305 பார்ஜில் 261 பேர் இருந்தார்கள். நங்கூரங்கள் அறுந்து, பார்ஜ் அடித்துக்கொண்டுபோய் எண்ணெய் மேடையில் மோதி மூழ்கியது. எத்தனையோ வீட்டில் இன்னும் அழுகை நிற்கவில்லை. எங்கள் கட்டடத்திலேயே அந்த வேலைக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அன்று ராத்திரி யாரும் தூங்கவில்லை. நங்கூரம் பிடித்திருக்கிறதா என்று ராத்திரி முழுக்க ஒரு ஆள் பார்த்துக்கொண்டேதான் இருக்கவேண்டும், அதற்குத்தான் ஆங்கர் வாட்ச்.

செல்வி, கம்பி கிடைத்ததா?

ஆன்டாப்ஹில்_செல்வி

அண்ணா, கிடைத்துவிட்டது! நேற்று ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் போய் எடுத்துக்கொண்டு வந்தோம்.

அம்மா இரண்டு நாள் யோசித்துவிட்டு, தாராவி வீட்டுக் கூரையில் தாட்பத்திரி (தார்ப்பாய்) பறக்காமல் இருக்க அப்பா ஒரு வளைந்த கம்பி வைப்பாரே, அது இல்லையே என்று கேட்டார். ஒவ்வொரு வருடமும் மே மாதக் கடைசியில் கூரைக்கு நீலத் தாட்பத்திரி கட்டுவார், ஓரத்தில் அந்தக் கம்பியை வைத்து, மடங்கிய முனையைக் கூரைத் தகட்டின் விளிம்பில் கொக்கி மாதிரி மாட்டிவிடுவார், எந்தக் காற்றுக்கும் அசையாது. வீடு மாறும்போது அது கூரை மேலேயே இருந்துவிட்டது. அந்த வீட்டில் இப்போது சித்தப்பா மகன் இருக்கிறான். போய்க் கேட்டால், அவனும் அதையே அதே இடத்தில்தான் வைத்திருக்கிறான், பெரியப்பா வைத்தது, நன்றாகப் பிடிக்கிறது, நான் எடுக்கவே இல்லை என்றான். ஏணி போட்டுத் தம்பிதான் ஏறினான். ஒரு முனை நீங்கள் சொன்ன மாதிரியே எல் எழுத்து, அந்த முனையில் மட்டும் எலுமிச்சம்பழம் அளவு இரும்பு உருண்டை. நடுவில் ஒரு மேடு, அதற்கு அந்தப் பக்கம் ஒரு சின்னத் துவாரம். சித்தப்பா மகனுக்குப் பதிலுக்கு இரண்டு செங்கலும் ஒரு பழைய ஆட்டுக்கல்லும் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மாடிப்படிக்கு அடியில் வைத்து ஓட்டையில் செருகிப் பார்த்தோம். முதலில் போகவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டுச் சுற்றிச் சுற்றித் தள்ளினான், அந்த நடு மேடு வரை போய் டக்கென்று நின்றது. தம்பி எழுந்து நின்று கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பங்கார் பேச்சை எடுக்கவே இல்லை, சிமென்ட் யார் வாங்குவது என்று கேட்டான்.

செக்ரட்டரியிடமும் கேட்டேன் வாசகன் சார், ஆமாம் நாங்கர்தான் என்றார், எங்கள் ஊரில் இரண்டும் ஒன்றுதான், உழுவதும் இதுதான் நிறுத்துவதும் இதுதான் என்றார். பலகையில் தமிழிலும் மராத்தியிலும் அப்பா பேரும் 'பார்ஜ் தொழிலாளி' என்றும் மட்டும் எழுதலாம் என்று முடிவு.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. கம்பியின் அந்தச் சின்னத் துவாரம் எதற்கு?

திரேஸ்புரம்_போசன்

அது ஆப்பு அடிக்கிற இடம் தங்கச்சி. கம்பி ஒரு பக்கம் மேட்டில் முட்டி நிற்கும், அந்தப் பக்கம் நழுவாமல் இருக்க அந்தத் துவாரத்தில் தட்டையான ஒரு இரும்பு ஆப்பைச் செருகவேண்டும். பழைய ஆப்பு ஒரு சின்னச் சங்கிலியில் தண்டோடு தொங்கிக்கொண்டிருந்திருக்கும், அது போயிருக்கும். தாருகானாத் தம்பியிடம் அளவு சொன்னால் ஒன்று வெட்டிக் கொடுப்பார். மேடையில் வைக்கும்போது கையும் குறுக்குத்தண்டும் ஒரே திசையில் இருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஓவியத்தில் எல்லாம் அப்படித்தான் தட்டையாகப் போடுவார்கள், உண்மையில் ஒன்றுக்கொன்று குறுக்காகத்தான் இருக்கும்.

தாருகானா_கடைப்பையன்

அளவு அனுப்புங்கள் அக்கா, காசு வேண்டாம். பெயின்ட் அடிக்கும் முன்னால் ஆப்பையும் சேர்த்து மாட்டிவிட்டு அடியுங்கள்.

ஆன்டாப்ஹில்_செல்வி

துவாரம் நீளம் 3 சென்டிமீட்டர், அகலம் முக்கால் சென்டிமீட்டர் இருக்கும் தம்பி, சனிக்கிழமை கம்பியையே எடுத்துக்கொண்டு நேரில் வருகிறேன். துரு எடுக்க ஆரம்பித்துவிட்டோம். கம்பியின் மடங்கின பக்கம் உள்வளைவில் நீலத் தாட்பத்திரி வெயிலில் உருகி ஒட்டி, ஒரு விரல் நீளத்துக்கு அப்படியே இரும்போடு இரும்பாக இருக்கிறது. தம்பி பிரஷை அங்கே கொண்டுபோனான், அம்மா அதை மட்டும் விட்டுவிடு என்று சொல்லிவிட்டார். அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் பெயின்ட் அடிக்கப்போகிறோம்.